கறுப்பு வெல்லம்

அன்று முற்பகல் கொட்டகை வாசலில் இருந்தவர்கள்:

பிலிஸ். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவள்.

ஷபானா. அவளுடைய கூட்டாளி. பூனா ஏரவாடாக்காரி. வாய் நீளம்.

பார்வதிபாய். நிலத்துக்குச் சொந்தக்காரி. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சோனி. பார்வதிபாயின் நாட்டுப் பசு. நடந்த அத்தனைக்கும் மூலகாரணம் அதுதான். ஆனால் அசை போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல நின்றது.

ஷெலார். நிலம் வாங்கி, மனை பிரித்து விற்பவர். எங்கே நின்றாலும் காலடியால் அளந்துகொண்டே பேசுவார்.

கலால் துறை அதிகாரி ஒருவர். கையில் கைக்குட்டை.

கொஞ்சம் தள்ளி, பாதி நட்ட வெங்காயப் பாத்திகளில், ஞானோபாவும் அவன் சகாக்களும். எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் தாகம்.

கொட்டகைக்குள் நீல நிற டிரம் ஒன்று.

அதிகாரி கேட்டது சின்ன விஷயம்தான். டிரம்மைத் திறந்து காட்ட வேண்டும். திறந்தால் பிலிஸ் சாராயம் காய்ச்சவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதுதான் சிக்கல். தெரிந்தால் ஞானோபா கூட்டம் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடும். நடவு பாதியில் நிற்கும். நடவு நின்றால் நிலம் ஷெலாருக்கு. குற்றமற்றவள் என்று நிரூபித்தால் நஷ்டப்படும் நிலைக்கு ஒருத்தி எப்படி வந்து சேர்ந்தாள் என்றால், அதற்கு வெல்லத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பிலிஸுக்கு வீடு விஷ்ராந்த்வாடியில். அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் நாசரேத் பக்கம். அவள் ரஞ்சன்காவில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தாள். ஒருநாள் ஷிப்ட் பாதியில் கையுறையைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வீட்டில் காரணம் கேட்டார்கள். தூக்கம் வருகிறது என்றாள். அதைவிடப் பெரிய காரணம் அவளிடம் இருக்கவில்லை.

கம்பெனி பஸ் ஷிக்ராபூர் தாண்டிப் போகும் வழியில் ஒரு நிலம் சும்மா கிடப்பதை அவள் வருஷக்கணக்காக ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். அதே பஸ்ஸில் ஒப்பந்த வேலைக்கு வந்துகொண்டிருந்த ஷபானாவையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்வதிபாயிடம் நின்றாள்.

பார்வதிபாய் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "வெங்காயம் நட்டுக் காட்டு. நவராத்திரிக்குக் கலசம் வைக்கிறதுக்குள்ள நிலம் முழுக்க நட்டிருந்தா, மூணு வருஷத்துக்கு நிலம் உனக்கு. இல்லேன்னா ஷெலாருக்கு. எனக்கு உன் மேலயும் பாசம் கிடையாது, அவன் மேலயும் பாசம் கிடையாது. நிலத்து மேல என்ன நிக்குதோ அதுதான் எனக்கு."

பிலிஸுக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. தவறினால் மறுபடியும் அந்த பஸ், அந்த மெஷின், அந்த விடியல் என்பதும் தெரிந்திருந்தது.

அவளுக்கு இயற்கை மேல் காதல் எதுவும் இல்லை. யூரியா வாங்கக் கையில் காசில்லை, அவ்வளவுதான். பசு காசு கேட்பதில்லை. ஒரு நாட்டுப் பசுவின் சாணமும் கோமியமும், கொஞ்சம் கடலை மாவு, கொஞ்சம் வெல்லம், வரப்பு ஓரத்து மண் ஒரு கைப்பிடி. டிரம்மில் கரைத்து நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கினால் நுரைத்துக்கொண்டு வரும். அதைப் பாசனத் தண்ணீரோடு விட்டால் மண்ணுக்கு வேறு உரம் வேண்டாம். தமிழ்நாட்டில் ஜீவாமிர்தம் என்பார்கள், மராட்டியில் ஜீவாம்ருத். பெயரில் அமிர்தம் இருக்கிறது. வாசனையில் இல்லை.

வெல்லத்தில்தான் அவள் மாட்டினாள். மார்க்கெட் யார்டில் மஞ்சள் வெல்லம், பழுப்பு வெல்லம், கறுப்பு வெல்லம் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். கறுப்புதான் மலிவு. மண்ணிலிருக்கும் நுண்ணுயிர் நிறம் பார்த்தா தின்னப் போகிறது? இரண்டு மூட்டை போடச் சொன்னாள்.

கடைக்காரர் தராசை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற ஷபானாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "நவச்சாரம் நம்மகிட்ட கிடையாது. மூணாவது கடையில கேளுங்க" என்றார்.

நவச்சாரம் ஏதோ நல்ல உரம் போல என்று பிலிஸ் நினைத்துக்கொண்டாள். "ரொம்ப உபகாரம் அண்ணா. அடுத்த தடவை வாங்கிக்கிறேன்" என்று மராட்டியில் பதில் சொன்னாள். கடைக்காரர் ஒரு கும்பிடு போட்டார்.

டெம்போ கிளம்பியதும் ஷபானா சிரிக்கத் தொடங்கினாள். வாகோலி தாண்டியும் நிறுத்தவில்லை.

"என்னட்டி சிரிக்க?"

"பிலிஸ்க்கா, கறுப்பு வெல்லமும் நவச்சாரமும் போட்டு இன்னா காய்ச்சுவாங்கோ தெரியுமா?"

"என்ன காய்ச்சுவாவ?"

"ஹாத்பட்டிக்கா! கள்ளச் சரக்கு! நீ மூட்டை கணக்குல கேட்டதும் அந்த ஆளு பயந்துட்டான். அடுத்த தடவை வாங்கிக்கிறேன்னு வேற சொல்றே!"

பிலிஸ் சிரிக்கவில்லை. ஓட்டுநரின் பின்மண்டையைப் பார்த்தாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஹாத்பட்டி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அவன் அந்த ஊர்க்காரன் வேறு. மூட்டைகளை இறக்கி முடிப்பதற்குள் ஊர் முழுக்கச் செய்தி இறங்கிவிட்டது. மத்ராஸி பெண்கள் பார்வதிபாய் நிலத்தில் சாராயம் காய்ச்சப் பட்டி போடுகிறார்கள்.

அதுவரை வேலைக்கு ஆள் கிடைக்காமல் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். வெங்காய நாற்று நடுவது குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்கிற வேலை. அந்த ஊரில் அது பெண்கள் வேலை. பெண்களோ பொழுது விடியுமுன் பஸ் ஏறி ரஞ்சன்காவுக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது டீக்கடை பெஞ்சில் சாய்ந்து கிடக்கும் ஆண்கள். ஊரில் கொடுக்கும் அதே கூலியைத் தருகிறேன் என்று பிலிஸ் கூப்பிட்டுப் பார்த்தாள். "மாவ்ஷி, ஆம்பிளை வெங்காயம் நட்டா வெங்காயம் அழும்" என்று சித்தி முறை வைத்துச் சொல்லிச் சிரித்தவன் ஞானோபா. பார்வதிபாயின் மைத்துனர் மகன். நல்ல உடம்பு. அதை அவன் எதற்கும் பயன்படுத்தியதில்லை.

டெம்போ வந்து போன மறுநாள் காலை அதே ஞானோபா வரப்பில் வந்து நின்றான். குளித்திருந்தான்.

"மாவ்ஷி, ஏதோ வேலைக்கு ஆள் வேணும்னீங்களே?"

"வெங்காயம் அழுமே?"

"அழட்டும். பழகிக்கும்." கொட்டகைப் பக்கம் மூக்கைத் திருப்பினான். வெல்லம் புளிக்கிற வாடை லேசாக வந்துகொண்டிருந்தது. "உள்ள என்ன ஊறுது?"

"வெல்லம்."

"வெறும் வெல்லமா?"

"கடலை மாவும் போட்டிருக்கேன்."

ஞானோபாவின் முகத்தில் மரியாதை ஏறியது. "கடலை மாவா? அது மத்ராஸ் பக்குவமா?"

"பழைய பக்குவம்."

"எப்போ தயாராகும்?"

"நடவு முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கு வாய்க்கால்ல திறந்து விடுவேன்."

ஞானோபா வாயைப் பிளந்தான். "வாய்க்கால்லயா! தாராளம்னா இது தாராளம், மாவ்ஷி!" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டி வர ஓடினான்.

பிலிஸ் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு ஒரு கொள்கை போல ஆகிவிட்டது. யார் என்ன கேட்டாலும் உண்மையையே சொன்னாள். ரொம்பக் காட்டமா இருக்குமா? பக்கத்தில் நிற்க முடியாது. யார் கற்றுக் கொடுத்தது? காலங்காலமா செய்றதுதான். அரசாங்கத்துக்குத் தெரியுமா? அரசாங்கமே செய்யச் சொல்லுது. கடைசிப் பதிலைக் கேட்டு ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஷபானாவுக்கு அந்தக் கொள்கை எதுவும் கிடையாது. "மொதல்ல பாத்தி முடிக்கிறவனுக்கு மொத கிளாஸ்" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வேலை நடந்தது. கூலியை அன்றன்றைக்கே பிலிஸ் கொடுத்துவிட்டாள். வாங்கியவர்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கூலி ஒரு பேச்சுக்கு, உண்மையான சம்பளம் டிரம்மில் ஊறுகிறது என்பது அவர்கள் எண்ணம். நடவு முடிந்து வாய்க்காலில் எதைத் திறந்து விட்டாள் என்று பார்க்கும்போது திட்டுவார்கள். திட்டட்டும். கூலி கொடுத்தாகிவிட்டது. திட்டும் வாங்கியாகிவிடும். வெங்காயத்துக்கு இரண்டுமே தெரியாது.

அந்த முற்பகலுக்கு மறுநாள் கலசம். அன்று பொழுது சாய்வதற்குள் மிச்சப் பாத்திகள் முடிய வேண்டும். விடிகாலையிலேயே நாற்றைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் ஷெலார் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே அதிகாரியின் ஜீப்.

"புகார் வந்திருக்கு. டிரம்மைத் திறங்க" என்றார் அதிகாரி.

பாத்திகளில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. ஜீப்பைப் பார்த்து ஓடுவதா, அல்லது வாய்க்காலில் ஓடப் போவதை எண்ணி நிற்பதா என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"ஏட்டி, தொறந்தா அம்புட்டுப் பயலும் போயிருவான்" என்றாள் பிலிஸ் தமிழில். அந்த ஊரில் தமிழ் ஒரு நல்ல வசதி. யார் முகத்துக்கு முன்னாலும் எதையும் பேசலாம்.

"தொறக்கலேன்னா உன்னை ஜீப்புல இட்டுனு பூடுவாங்கோ. அங்க போயும் உண்மையே பேசு, நல்லாருக்கும்."

பிலிஸ் அதிகாரியிடம் திரும்பினாள். "சார், வெயில் பட்டா அது கெட்டுடும். உள்ள வந்து பாருங்க." இதுவும் உண்மைதான். ஜீவாமிர்தம் வெயிலுக்கு ஆகாது.

அதிகாரி உள்ளே போனார். ஷெலார் காலால் அளந்தபடி பின்னால் போனார். பிலிஸ் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். வெளியே ஷபானா ஆட்களைப் பார்த்துக் கத்துவது கேட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! சாருக்கு ருசி பாக்கணுமாம்! நாத்தை நடுங்க!"

பிலிஸ் மூடியைத் தூக்கினாள். முதலில் ஒரு இனிப்பு வாடை, பின்னாலேயே தொழுவம் முழுவதும் எழுந்து வந்தது. அதிகாரியின் கைக்குட்டை மூக்குக்கு ஏறியது.

"ஜீவாம்ருத்" என்றார் துணிக்குள்ளிருந்து. "எங்க சித்தப்பா சாத்தாராவுல இதைத்தான் விடுறார். ஷெலார், இதுக்கா என்னை இவ்வளவு தூரம் கூப்பிட்டீங்க?"

"சார், ஏமாந்துடாதீங்க. இதுதான் இவங்க தந்திரம். மேலாக சாணி, அடியில சரக்கு. வாடை தெரியாம இருக்க மூடி வச்சிருக்காங்க. அடியிலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க."

பிலிஸ் நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரு பிளாஸ்டிக் கிளாஸில் ஊற்றினாள். பழுப்பாக, நுரையோடு, பார்க்க ஒன்றும் மோசமில்லை. அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் டியூட்டியில குடிக்கிறதில்லை."

ஷெலார் கையை நீட்டினார்.

"வேண்டாம் சேட். அது உங்களுக்கு இல்லை" என்றாள் பிலிஸ். அவரைக் காப்பாற்ற அவள் சொன்ன ஒரே உண்மையான எச்சரிக்கை அது. அதைக் கேட்டதும்தான் அவருக்குச் சந்தேகமே தீர்ந்தது. பிடிபட்டுவிட்டாள் என்று ஒரு பார்வை பார்த்தார். கிளாஸை வாங்கி, அனுபவசாலி போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்கில் கவிழ்த்தார்.



பிறகு கதவு படாரென்று திறந்தது. ஷெலார் வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டியது. ஒரு கால் வைத்த இடத்தில் மறு கால் வரவில்லை. கூரைத் தூணைப் பிடித்தார், அது போதாமல் சோனியின் முதுகைப் பிடித்தார், அது நகர்ந்துகொண்டதும் வேப்பமரத்தடியில் போய்க் குனிந்தார்.

பாத்திகளில் எல்லாக் கைகளும் நின்றன. பிறகு ஞானோபாவின் குரல், பக்தியோடு: "ஒரே கிளாஸ்!"

"சேட் பூனாவுல பெரிய பெரிய பார்ல உட்கார்ந்து குடிக்கிற ஆளுடா" என்றான் ஒருவன்.

"அந்த ஆளுக்கே இந்த கதி. நமக்கு மூடியில ஊத்திக் கொடுத்தா போதும்."

எல்லோரும் ஒன்றாகக் குனிந்தார்கள். அதற்குப் பிறகு நாற்று போன வேகத்தைப் பார்த்து பிலிஸே பயந்தாள்.

அதிகாரி ஜீப் பக்கம் நடந்தார். பிலிஸ் கூடவே போனாள். அவர் நின்று வயலைப் பார்த்தார். மீசை வைத்த ஆட்கள் வரிசையாகக் குந்தி வெங்காயம் நடுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இவங்களுக்கு உள்ளே இருக்கிறது என்னன்னு தெரியாதா?"

"என்ன போட்டிருக்கேன்னு சொல்லியிருக்கேன் சார். கேட்ட வரைக்கும் சொல்லியிருக்கேன்."

"நான் வேணா இப்போ சத்தமா அறிவிச்சுட்டுப் போகட்டுமா? சாராயம் இல்லைன்னு?"

"வேண்டாம் சார். பொழுது சாயட்டும்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். சிரிப்பை அடக்குவதற்கு அது அவருக்கு உதவியது. "புகார்ல உண்மையில்லைன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிறேன். இங்க நின்னு கத்தணும்னு சட்டம் எதுவும் இல்லை." ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

பார்வதிபாய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து ஷெலாரிடம் நீட்டினாள். அவர் வாய் கொப்பளித்துத் துப்பினார், மறுபடியும் கொப்பளித்தார்.

"ச்சீ! என்ன கண்றாவி இது! சாக்கடை!"

"எங்க சோனியோடது" என்றாள் பார்வதிபாய்.

"அந்தக் கிழட்டு மாட்டையும் சேர்த்தே சொல்றேன், பாய். நாளைக்குக் கலசம் வச்சதும் கல் ஊன்ற ஆள் வரும். மாட்டை எங்கேயாவது கோசாலைக்கு அனுப்பிடுங்க. என் நிலத்துல மாடு கட்ட முடியாது. மனை வாங்க வர்றவங்க முகம் சுளிப்பாங்க." கால் பழக்கத்தில் அளக்க ஆரம்பித்தது. சோனி நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

பார்வதிபாய் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். என் நிலம் என்ற வார்த்தை மட்டும் அவள் முகத்தில் எங்கேயோ போய் விழுந்த மாதிரி பிலிஸுக்குத் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த முகத்தை வைத்து யாரும் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஷெலார் வயலைப் பார்த்தார். குனிந்திருந்த முதுகுகளைப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை. யாரும் பேசவில்லை. அவ்வப்போது ஒரு தலை மட்டும் கொட்டகைப் பக்கம் ஆசையாகத் திரும்பிவிட்டுப் போனது. அவர் முட்டாள் இல்லை. நிலம் வாங்கி விற்பவர் முட்டாளாக இருக்க முடியாது.

"ஓஹோ" என்றார். "அப்படியா சங்கதி. அவனுங்களுக்குத் தெரியாது."

பிலிஸ் வயலை ஒரு தடவை பார்த்தாள். இன்னும் கிழக்குப் பக்கப் பாத்திகள் மொத்தமும் பாக்கி. சாக்கில் நாற்று வாடத் தொடங்கியிருந்தது. அவளும் ஷபானாவும் மட்டும் உட்கார்ந்தால் நாளை மறுநாள் ஆனாலும் முடியாது.

"சேட், அவங்க உழைக்கிறாங்க. கூலி வாங்குறாங்க. நீங்க போங்க."

"ஏன் போகணும்? ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்." வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் குவித்து வரப்பில் ஏறினார். "ஏய் ஞானோபா! டேய், இங்கே பாருங்கடா!"

ஞானோபா நிமிர்ந்தான். "என்ன சேட்? இன்னொண்ணு வேணுமா? எங்களுக்கும் மிச்சம் வைங்க!"

வயல் முழுக்கச் சிரிப்பு. அது அடங்கட்டும் என்று ஷெலார் காத்து நின்றார். அந்த இடைவெளியில் பார்வதிபாய் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"ஷெலார். கத்தாதே. நீ சொன்னது சரிதான்."

"எது?"

"இன்னொரு டிரம் இருக்கு. உள்ள, வைக்கோலுக்குப் பின்னாடி. அதுல இருக்கிறது வேற."

பிலிஸ் திரும்பி அவளைப் பார்த்தாள். கொட்டகையில் வைக்கோலை அடுக்கியதே பிலிஸ்தான். பின்னால் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது.

ஷெலாரின் கண் சுருங்கியது. "நிஜமாவா?"

"என் நிலம். எனக்குத் தெரியாதா? அதை மட்டும் வெளியே இழுத்துட்டு வா. அப்புறம் நீ யாருக்கும் எதையும் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. நானே இவங்களைப் போகச் சொல்றேன்."

அவர் ஒரு கணம் யோசித்தார். ஆட்களை எழுப்பிவிட்டால் நடவு நிற்கும். சரக்கையே பிடித்துவிட்டால் இந்த மத்ராஸிகள் ஊரில் நிற்க முடியாது. இரண்டாவதுதான் லாபம் என்று அவர் முகம் கணக்குப் போட்டு முடித்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தார்.

"சேட் எங்க போறாரு?" பாத்தியிலிருந்து ஒரு குரல் பதறியது.

"உள்ள!" என்று ஷபானா மராட்டியில் கத்தினாள். "தனியா! டிரம்மோட!"

"டேய், சீக்கிரம்டா! காலி பண்ணிடுவாரு!"

முதுகுகள் இன்னும் தாழ்ந்தன. கிழக்குப் பக்கப் பாத்தியில் முதல் வரிசை அப்போதே தொடங்கிவிட்டது.

ஷெலார் இருட்டுக்குள் நுழைந்தார். வைக்கோல் சரசரத்தது. டிரம் மேல் முட்டிக்கொண்ட சத்தமும் ஒரு வசவும் கேட்டன. "எங்கே இருக்கு? ஒண்ணும் தெரியலையே!"

"இன்னும் உள்ள போ" என்றாள் பார்வதிபாய். "மூலையில தேடு."

வைக்கோல் சரசரப்பு தள்ளிப் போனது. அவள் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள். இடுப்பிலிருந்து பூட்டை எடுத்து மாட்டி, அழுத்தி, இழுத்துப் பார்த்துக்கொண்டாள். சாவியை முந்தானையில் முடிந்தாள்.